நல்லா தூங்கின குழந்தை மறுபடி ராத்திரி எழுந்தா, முதல்ல மணியைக் குறிச்சு வைங்க

வணக்கங்க. மாசக்கணக்கா ராத்திரி முழுக்கத் தூங்கிட்டிருந்த குழந்தை, ஒரு வயசுக்கும் மூணு வயசுக்கும் நடுவுல திடீர்னு மறுபடி எழுந்திருக்க ஆரம்பிக்கும். ‘வயசு அப்படி, தானா போயிடும்’னு சொல்லுவாங்க. சில குழந்தைகளுக்குப் போயிடும். பல வீட்டுல, எழுந்திருக்க ஆரம்பிச்ச முதல் ரெண்டு வாரத்துல நாம சமாளிக்கப் பண்ணின விஷயமே புதுப் பழக்கமா ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல இழுக்கும். அதனால காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டு அப்புறம் கை வைக்கலாம். காரணத்தைக் காட்டிக் குடுக்கிறது பெரும்பாலும் எழுந்திருக்கிற நேரமும், எழுந்ததும் குழந்தை இருக்கிற விதமும்தான்.

இன்னைக்கு ராத்திரியிலேருந்து அஞ்சு நாளைக்கு எழுதி வைங்க. படுக்க வெச்ச நேரம், நிஜமா தூங்கின நேரம், நடுவுல எழுந்த நேரம், எவ்வளவு நேரம் முழிச்சிருந்தது, என்ன பண்ணித் தூங்க வெச்சீங்க, காலையில எழுந்த நேரம். பகல் தூக்கத்துக்கும் ஆரம்பம், முடிவு ரெண்டும் வேணும். ஞாபகத்துலேருந்து எழுதினா தப்பாதான் வரும். தூக்கம் கெட்ட மூளைக்கு இருபது நிமிஷம் ரெண்டு மணி நேரமாத் தெரியும்.

எழுத ஆரம்பிக்கிற அன்னைக்கே உடம்பையும் பார்த்துடணும். வலியில எழுந்திருக்கிற குழந்தைகிட்ட பழக்கத்தை மாத்தப் போறது நியாயமே இல்லைங்க. சளி பிடிச்சு ரெண்டு மூணு நாள் கழிச்சு, படுக்க வெச்சதும் அழுது, தூக்கி நிமிர்த்தினா அடங்குதுன்னா காதைச் சந்தேகப்படுங்க. நடுக்காதுல நீர் கோத்தா படுக்கும்போது வலி கூடும். சில குழந்தைங்க காதை இழுக்கவே இழுக்காது, அதனால அந்த ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாதீங்க. அடுத்தது பல். கோரைப்பல் 16லிருந்து 22 மாசத்துக்குள்ள வரும், கடைசிக் கடைவாய்ப்பல் 23லிருந்து 33 மாசத்துக்குள்ள. பல் வெளிய வர்றப்போ சில நாள்தான் தொந்தரவு. மூணு வாரமா எழுந்திருக்கிற குழந்தைக்குப் பல்லைக் காரணம் சொல்ல முடியாது. ஈறுல தடவுற மரத்துப்போற ஜெல், அதுல பென்சோகெய்ன் இருந்தா ரெண்டு வயசுக்குக் கீழ தொடவே கூடாது. ரத்தம் ஆக்ஸிஜன் எடுத்துட்டுப் போறதையே அது கெடுக்கலாம்.

கீரிப்பூச்சி நிறையப் பேர் மறந்துபோற காரணம். பெண் புழு ராத்திரியிலதான் ஆசனவாய் ஓரத்துக்கு வந்து முட்டை போடும், அரிப்பு அப்போதான் கிளம்பும். குழந்தை நெளிஞ்சுக்கிட்டே, பின்னாடி கையை வெச்சுக்கிட்டு அழும். தூங்கி ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தா வெள்ளை நூல் துண்டு மாதிரி கண்ணுக்கே தெரியும். டாக்டர் குடுக்கிற மருந்தை ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை குடுக்கச் சொன்னா விட்டுடாதீங்க. முதல் தடவை செத்தது புழுதான், முட்டை பொரிச்சுத் திரும்ப வரும். அவர் சொன்னா வீட்டுல எல்லாரும் சேர்ந்து சாப்பிடணும். நகத்தையும் ஒட்ட வெட்டிடுங்க.

ராத்திரி முழுக்கக் காலை உதைச்சுக்கிட்டு, புரண்டுக்கிட்டே இருந்தா இரும்புச்சத்தைப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல பசும்பால் குடிக்கிற குழந்தைகளுக்குச் சாப்பாடு இறங்காம இரும்புச்சத்து குறையறது சகஜம். தினமும் குறட்டை, வாய் திறந்து மூச்சு, மூச்சு நின்னு திணறி எழுந்திருக்கிறது, இதெல்லாம் இருந்தா ஒரு நிமிஷம் ஃபோன்ல வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. வாயால விவரிக்கிறதை விட அது ஆயிரம் மடங்கு உதவும்.

உடம்பு சரியா இருக்கு, அஞ்சு நாள் எழுதியாச்சு. இப்ப அந்தத் தாளைப் பார்க்கலாம்.

ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்கு எழுந்து, அழாம, சந்தோஷமா பேசிக்கிட்டு, விளையாடக் கூப்பிட்டு, ஒன்றரை ரெண்டு மணி நேரம் முழிச்சிருக்குதா? இது பயமும் இல்ல, அடமும் இல்ல, கணக்குப் பிசகு. ஒண்ணுலிருந்து ரெண்டு வயசுக்குப் பகலும் ராத்திரியும் சேர்த்து 11லிருந்து 14 மணி நேரத் தூக்கம் வேணும், மூணுலிருந்து அஞ்சு வயசுக்கு 10லிருந்து 13. ஒவ்வொரு குழந்தைக்கும் அதுக்குள்ள ஒரு அளவு இருக்கு, வயசு ஏற ஏற அது குறையும். நாம பழைய நேரத்தையே வெச்சிருப்போம்.

உங்க அஞ்சு நாள் சராசரி மொத்தம் 12 மணி நேரம்னு வைங்க. பகல்ல ரெண்டரை மணி நேரம் தூங்கிடுது. மிச்சம் ஒன்பதரை. நீங்க ஏழரைக்குப் படுக்க வெச்சு ஆறரைக்கு எழுப்புறீங்க, அது 11 மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரம் எங்கயாவது வெளிய வந்துதான் ஆகணும், நடுராத்திரியில வருது. என்னதான் தட்டினாலும் பாடினாலும் இல்லாத தூக்கத்தைக் கொண்டுவர முடியாது. பகல் தூக்கத்தை ஒன்றரை மணி நேரத்துல எழுப்பி நிறுத்துங்க, ராத்திரிப் படுக்கையை எட்டு மணிக்குத் தள்ளுங்க. எட்டுலிருந்து ஆறரை வரைக்கும் பத்தரை, பகல் ஒன்றரை, மொத்தம் 12. கணக்கு ஒத்துப்போச்சு. இதை ஒரே நாள்ல பண்ணாம, ரெண்டு மூணு நாளுக்கு 15 நிமிஷம்னு நகர்த்துங்க. காலையில எழுப்புற நேரம் மட்டும் மாறவே கூடாது. ராத்திரி முழிச்சிருந்துச்சே பாவம்னு எட்டு மணி வரை தூங்க விட்டா, அன்னைக்கு ராத்திரிக்கு அதே ஓட்டையை நாமளே வெட்டி வைக்கிறோம். பகல் தூக்கம் முடிஞ்சு ராத்திரிப் படுக்கைக்குள்ள நாலரை, அஞ்சு மணி நேரமாவது இடைவெளி இருக்கணும். மாற்றம் தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும், பொறுங்க.

இதுக்கு நேர் எதிர் ஒண்ணு இருக்கு. தூங்கி ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள திடீர்னு அலறி, கண்ணு திறந்திருக்கும், நம்மளை அடையாளம் தெரியாது, தொட்டா தள்ளிவிடும், வேர்த்துக் கொட்டும். அது முழிச்சே இல்லைங்க. ஆழ்ந்த தூக்கத்துலேருந்து பாதி மட்டும் வெளிய வந்திருக்கு. எழுப்பாதீங்க, உலுக்காதீங்க, முகத்துல தண்ணி தெளிக்காதீங்க. அடிபடாமப் பக்கத்துல இருங்க, பெரும்பாலும் சில நிமிஷத்துல தானா அடங்கித் தூங்கிடும். காலையில அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது, கேட்டுக் குழப்பவும் வேண்டாம். முக்கியமான காரணம் தூக்கக் குறைவு. ரெண்டு பகல் தூக்கம் ஒண்ணா குறையற 13லிருந்து 18 மாசத்துல, இல்லன்னா மதியத் தூக்கத்தை நிறுத்தின புதுசுல இது அதிகம் வரும். அரை மணி நேரம் முன்னாடியே படுக்க வைங்க. தினம் ஒரே நேரத்துக்கு வந்தா, அதுக்கு 15, 20 நிமிஷம் முன்னாடி லேசாத் தட்டி, புரண்டு படுக்கற அளவுக்கு மட்டும் எழுப்பி விடுங்க. விடியக்காலைப் பக்கம் வர்ற கெட்ட கனவு வேற. அப்போ குழந்தை முழுசா முழிச்சிருக்கும், நம்மளைத் தேடும். அதுக்குக் கட்டிப்பிடிச்சு ஆறுதல் குடுத்தாதான் சரி.

மூணாவது வகைதான் ரொம்பப் பரவலானது: ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, தூக்கினா, ஆட்டினா, பால் குடுத்தா அஞ்சு நிமிஷத்துல தூங்கிடறது. இந்த வயசுல ஒரு தூக்கச் சுற்று சுமாரா ஒரு மணி நேரம். ஒவ்வொரு சுற்று முடிஞ்சும் எல்லாரும் லேசா விழிக்கிறோம், சுத்தி எல்லாம் பழையபடி இருந்தா மறுபடி தூங்கிடறோம். தோள்ல தூங்கின குழந்தை மெத்தையில விழிச்சா, ஏதோ மாறிப்போச்சுன்னு முழுசா எழுந்துடும். அதனால ராத்திரி ரெண்டு மணிப் பிரச்சினைக்கு மருந்து, ராத்திரி எட்டு மணிக்குத் தூங்க வைக்கிற விதத்துல இருக்கு. காய்ச்சல் வந்தப்போ பத்து நாள் தோள்ல போட்டுத் தூங்க வெச்சிருப்போம், சரியான பிறகும் அது நிக்கல. இப்படித்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும்.

அழ விட்டுட்டு வெளிய போறது எல்லாருக்கும் ஒத்துவராது, ஒரே மெத்தையில படுக்கிற குடும்பத்துக்கு முடியவும் முடியாது. படிப்படியா விலகறது என் சிபாரிசு. முதல் மூணு ராத்திரி: குழந்தை மெத்தையிலேயே, உங்க கை நெஞ்சு மேல, தட்டலாம், ஆனா தூக்கக் கூடாது. கண்ணு சொருகினதும் தட்டறதை நிறுத்துங்க, கை இருக்கட்டும். அடுத்த மூணு ராத்திரி: கை மேல இருக்கும், தட்டல் கிடையாது. அப்புறம் கை பக்கத்துல. அப்புறம் ஒரு கை தூரம் தள்ளிப் படுக்கிறது. தனி அறைன்னா நாற்காலியைக் கதவுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துங்க. நடுராத்திரி எழுந்தாலும், அன்னைக்குப் படுக்கும்போது எந்தப் படியோ அதே படிதான். முனகல் கேட்டதும் பாயாதீங்க, ரெண்டு நிமிஷம் பொறுங்க. நிறைய முனகல் அரைத்தூக்கத்துல வர்ற சத்தம், நாம போய்த்தான் முழுசா எழுப்பி விடறோம். லைட் வேண்டாம், ஃபோன் வேண்டாம், அறையை விட்டு வெளிய தூக்கிட்டுப் போக வேண்டாம். ‘அம்மா இங்கதான் இருக்கேன், தூங்கு’, இந்த மாதிரி ஒரே ஒரு வாக்கியம், அதே குரல்ல, திரும்பத் திரும்ப.

ரெண்டாவது, மூணாவது ராத்திரி அழுகை கூடும். முறை தப்புன்னு அர்த்தம் இல்ல, பழையது கிடைக்குமான்னு குழந்தை இன்னும் பலமாக் கேட்டுப் பார்க்குது. இந்த இடத்துலதான் நாம தூக்கிடுவோம். நாப்பது நிமிஷம் அழுதப்புறம் தூக்கினா, நாப்பது நிமிஷம் அழுதா கிடைக்கும்னு பதிஞ்சுடும். அதுக்கு முதல் நிமிஷமே தூக்கிடறது எவ்வளவோ மேல். அதனால வீட்டுல ராத்திரி எழுந்திருக்கிற எல்லாரும் பகல்லயே பேசி முடிவு பண்ணிட்டு ஆரம்பிங்க.

பால் பழக்கம் இருந்தா, ஒரு வயசு தாண்டி எடை சரியா ஏறுற குழந்தைக்கு ராத்திரிப் பால் தேவையில்ல. பாட்டில்ல 180 மில்லி குடிச்சா ரெண்டு ராத்திரிக்கு 30 மில்லி குறைச்சு, 60 வந்ததும் நிறுத்திடலாம். தாய்ப்பால்னா அதே மாதிரி ரெண்டு ராத்திரிக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் குறைங்க. அந்த நாள்கள்ல பால் குடுக்காத ஆள் போய்த் தூங்க வெச்சா சுலபமா நடக்கும். பாட்டிலை வாயில வெச்சுக்கிட்டே தூங்கற பழக்கம் முன்பற்களை அரிச்சுடும், அதை மட்டும் தள்ளிப்போடாதீங்க.

படுக்கப் போகும்போதே ஒட்டிக்கிட்டு, எழுந்தா நம்ம முகத்தைத் தேடுற குழந்தைக்குப் பிரிவு பயம். 10லிருந்து 18 மாசத்துல இது உச்சம், தம்பி தங்கை பிறந்தாலோ, வீடு மாறினாலோ, காப்பகத்துல சேர்த்தாலோ பெரிய குழந்தைக்கும் திரும்ப வரும். பகல்ல சொல்லாமக் கொள்ளாம நழுவாதீங்க, அழுதாலும் டாட்டா சொல்லிட்டுப் போங்க. ஒளிஞ்சு விளையாடுங்க. படுக்கறதுக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம் ஃபோன் இல்லாம அதோட மட்டும் இருங்க. ரெண்டு வயசுக்கு மேல இருட்டு பயம் சேரும். குழந்தை தலை வைக்கிற இடத்துல நீங்க படுத்து அறையைப் பாருங்க, எந்தத் துணி, எந்த நிழல் பயமுறுத்துதுன்னு தெரியும். மஞ்சள் அல்லது சிவப்பு நிறத்துல மங்கலான விளக்கு ஒண்ணு போதும். வெள்ளை வெளிச்சமும் டிவியும் தூங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அணையட்டும்.

தூங்க வைக்கறதுக்குன்னு சளி சிரப்போ அலர்ஜி மருந்தோ குடுக்காதீங்க, ஒரு தடவை கூட. மூச்சைப் பாதிக்கும், சில குழந்தைகளை ராத்திரி முழுக்க ஆட்டம் போட வைக்கும். மெலடோனின்னு ஒரு தூக்க ஹார்மோன் மருந்து இருக்கு, அதை டாக்டர் சொல்லாமத் தொட வேண்டாம்.

நடுவுல காய்ச்சல் வந்துடுச்சா, எல்லாத்தையும் நிறுத்திட்டுத் தூக்கிக்கோங்க, தண்ணி குடுங்க, கூடவே படுங்க. காய்ச்சல் விட்டு ரெண்டு ராத்திரி ஆனதும், எந்தப் படியில விட்டீங்களோ அதுக்கு ஒரு படி முன்னாடியிலேருந்து தொடங்குங்க, முதல்லேருந்து வர வேண்டியதில்ல.