கோப்பிலேயே கிடந்த சாட்சியம்

நண்பர்களே, மைக்கேல் மார்ட்டனின் வழக்கைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் வில்லியம்சன் கவுண்டியில் நடந்தது. 1986 ஆகஸ்டில் அவருடைய மனைவி கிறிஸ்டீன் படுக்கையிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். கணவர்தான் கொன்றார் என்று 1987-ல் ஆயுள் தண்டனை விதித்துவிட்டார்கள்.

வீட்டில் மூன்று வயது மகன் இருந்தான். ஒரு பூதம் அம்மாவை அடித்தது என்று பாட்டியிடம் சொன்னான். அப்பா இருந்தாரா என்று பாட்டி கேட்டார். இல்லை என்றான். அந்தப் பாட்டி யார் தெரியுமா? கிறிஸ்டீனைப் பெற்ற தாய். மகளைப் பறிகொடுத்தவர், மருமகனுக்காகவா பொய் சொல்வார்? அவர் சொன்னதைப் போலீசார் எழுதியும் வைத்தார்கள். வீட்டுப் பக்கம் பச்சை வேனில் வந்து ஒருவன் நடமாடினான் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதும் கோப்பில் இருந்தது. இரண்டுமே ஜூரிகளின் காதுக்கு எட்டவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்று 1963-லேயே, பிராடி வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அப்படியிருந்தும் அரசு வழக்கறிஞர் கென் ஆண்டர்சன் இவற்றை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவில்லை. பிறகு அவர் நீதிபதியாகவும் ஆனார்!

வீட்டுக்கு அருகே ஒரு கைக்குட்டை கிடைத்திருந்தது. அதை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புங்கள் என்று மார்ட்டன் தரப்பு கேட்டபோது, அடுத்து வந்த அரசு வழக்கறிஞர் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார். கடைசியில் சோதித்தார்கள். கிறிஸ்டீனின் ரத்தமும் வேறொருவனின் டிஎன்ஏவும் அதில் இருந்தன. ஏறக்குறைய 25 ஆண்டுகள் சிறையில் கழித்த மார்ட்டன் 2011 அக்டோபரில் வெளியே வந்தார்.

அவர் சிறையில் இருந்தபோது, 1988 ஜனவரியில், ஆஸ்டின் நகரில் இன்னொரு பெண்ணும் அதேபோலப் படுக்கையில் அடித்துக் கொல்லப்பட்டார். இரண்டையும் செய்தவன் ஒருவனே என்று பின்னால் நிரூபணமானது. நிரபராதியை உள்ளே தள்ளியதற்கு அந்தப் பெண் உயிரையே கொடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

சரி, ஆண்டர்சனுக்கு என்ன தண்டனை? நீதிமன்ற அவமதிப்புக்காக 2013-ல் பத்து நாள் சிறை. அதிலும் ஐந்தே நாளில் வெளியே வந்துவிட்டார். வழக்கறிஞர் உரிமத்தை ஒப்படைத்தார். அதே ஆண்டு, அரசுத் தரப்பு தன் கோப்பை எதிர்த்தரப்புக்குத் திறந்து காட்ட வேண்டும் என்று மார்ட்டன் பெயரிலேயே டெக்சாஸ் சட்டம் இயற்றியது. நல்ல சட்டம்தான். ஆனால் வழக்கு நடத்தும் பணியில் செய்ததற்காக ஒரு அரசு வழக்கறிஞரிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று 1976-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. தெரிந்தே சான்றை மறைத்தவருக்காவது அந்தப் பாதுகாப்பை விலக்க வேண்டும்.