எக்ஸ்பிரஷன் பெடல் வாங்கும் முன் மீட்டரை எடுங்கள்

[காட்சி: மேசை மேல் ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி. கேமரா மெல்லப் பின்பக்கம் போகிறது. ஜாக் துளைகள் நெருக்கத்தில்.]

வணக்கம். உங்கள் கிட்டார் எஃபெக்ட்ஸ் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இன்புட், அவுட்புட்டுக்குப் பக்கத்தில் 'எக்ஸ்ப்' என்று எழுதிய ஒரு துளை இருக்கும். அது எக்ஸ்பிரஷன் பெடலுக்கான துளை, அதாவது வாசிக்கும்போதே எஃபெக்டின் அளவைக் காலால் கூட்டிக் குறைக்கும் பெடலுக்கு. அந்தத் துளைக்கு எந்தப் பெடல் பொருந்தும் என்று இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். கடைக்குப் போய் எது கனமாக இருக்கிறது, எது அழகாக இருக்கிறது என்று தேடுவதெல்லாம் அப்புறம். முதலில் துளை.

[காட்சி: ஒரு பெடலின் அடித்தகடு கழற்றப்பட்டிருக்கிறது. உள்ளே ஒரு பாட், மூன்று கம்பிகள்.]

கிட்டார் சத்தம் இந்தப் பெடலுக்குள் போவதே இல்லை. வால்யூம் பெடலுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். உள்ளே இருப்பது ஒரே ஒரு பாட் (பொட்டென்ஷியோமீட்டர்), அதாவது ரேடியோவில் வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்குமே, அதே சாமான். அதற்கு மூன்று கால்கள். உங்கள் பெட்டி ஒரு சின்ன டிசி வோல்டேஜை ஓரக்கால் ஒன்றுக்கு அனுப்புகிறது. மற்ற ஓரக்கால் எர்த். நடுக்கால், நீங்கள் மிதிக்கிற அளவுக்கு அந்த வோல்டேஜில் ஒரு பங்கை எடுத்துத் திருப்பி அனுப்புகிறது. பெட்டி அந்தப் பங்கை ஓர் எண்ணாக மாற்றிக்கொள்கிறது. மிடி (இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் முறை) வழியாகப் போனால் அது 0 முதல் 127 வரை, மொத்தம் 128 படிகள்.

சத்தம் போகாத கம்பி என்பதால், விலை உயர்ந்த கேபிள் போட்டாலும் டோன் மாறாது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். ஆனால் கேபிள் ஸ்டீரியோவாக இருந்தாக வேண்டும். பிளக்கில் இரண்டு கறுப்பு வளையக் கோடுகள் தெரிய வேண்டும். நுனி டிப், நடு ரிங், அடி ஸ்லீவ். இதைத்தான் டிஆர்எஸ் என்கிறோம். சாதாரண கிட்டார் கேபிளைச் செருகினால் ரிங்கும் ஸ்லீவும் ஒட்டிப் போய்விடும். பெட்டி அனுப்பும் வோல்டேஜ் நேராக எர்த்துக்கு இறங்கிவிடும். எவ்வளவு மிதித்தாலும் திரையில் பூஜ்யம்தான். "பெடல் செத்துவிட்டது" என்று கடைக்குத் திரும்பி வருகிறவற்றில் கேபிள் மட்டுமே தவறாக இருப்பவை உண்டு. விதிவிலக்கும் இருக்கிறது: லைன் 6 ஈஎக்ஸ்-1 பெடல் சாதாரண மோனோ கேபிளிலேயே ஓடும். பெட்டியின் கையேட்டில் எக்ஸ்ப் ஜாக் பற்றிய பக்கம் எது சொல்கிறதோ, அதைக் கேளுங்கள்.

[காட்சி: இரண்டு பிளக் படங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் டிப் சிவப்பு, மற்றதில் ரிங் சிவப்பு.]

இப்போது பெரிய சிக்கலுக்கு வருவோம். நடுக்கால் எந்த முனையில் வந்து சேர வேண்டும் என்பதில் கம்பெனிகள் ஒத்துப்போகவில்லை. ரோலண்ட், பாஸ், ஸ்ட்ரைமன் எல்லாம் நடுக்காலை டிப்பில் எதிர்பார்க்கின்றன. யமஹா எஃப்சி7 பெடல் நடுக்காலை ரிங்கில் கொடுக்கிறது. தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவரிடம் எஃப்சி7 சும்மா கிடக்கிறது, அதை இரவல் வாங்கி பாஸ் பெட்டியில் போட்டுப் பார்ப்போம் என்றால், அங்கேதான் இடிக்கும்.

இடிக்கும்போது எப்படி இருக்கும்? குதிகால் பக்கம் கொஞ்சம் அசைத்தாலே அளவு பாதியைத் தாண்டி ஓடிவிடும். அதற்குப் பிறகு விரல் பக்கம் முழுக்க அழுத்தினாலும் பெரிதாக எதுவும் நடக்காது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்டிக்குள் வோல்டேஜ் பாதையில் பாதுகாப்புக்காக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, பெடல் 10 கிலோ ஓம் என்று வையுங்கள். டிப்பும் ரிங்கும் மாறிப் போனால், பத்தில் ஒரு பங்கு மிதித்ததுமே அளவு 50 சதவீதம். பத்தில் மூன்று பங்கில் 75. முழுக்க மிதித்தால் 91. முதல் ஒரு விரற்கடையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்த அறிகுறியைப் பார்த்தால் பெடலைத் திட்டாதீர்கள், கம்பியை மாற்றுங்கள்.

மாற்ற இரண்டு வழி. ஒன்று, மாற்றும் சுவிட்சோடு வரும் பெடலை வாங்குவது. எம்-ஆடியோ எக்ஸ்-பி, மூக் ஈபி-3 இரண்டிலும் அந்தச் சுவிட்ச் உண்டு. இன்னொன்று, ஒரு துண்டு அடாப்டர் செய்துகொள்வது. கோலாலம்பூரில் புடு ஜாலான் பாசார் பக்கம் எலெக்ட்ரானிக் சாமான் கடைகளில் கால் இன்ச் ஸ்டீரியோ பிளக் ஒன்று, ஸ்டீரியோ சாக்கெட் ஒன்று, இரண்டு கோர் ஷீல்டு ஒயர் ஒரு சாண் வாங்குங்கள். பிளக்கின் டிப்பை சாக்கெட்டின் ரிங்குக்கும், ரிங்கை டிப்புக்கும், ஸ்லீவை ஸ்லீவுக்கும் சால்டர் செய்யுங்கள். சால்டர் செய்யும் முன் பிளக் மூடியை ஒயரில் கோர்க்க மறந்தால் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். சால்டர் ஆனதும் மல்டிமீட்டரை பீப் நிலையில் (இரு முனைக்கும் இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து மூன்றையும் தொட்டுப் பாருங்கள். டிப்பும் ஸ்லீவும் ஒன்றோடொன்று பீப் அடித்தால் எங்கோ ஈயம் வழிந்திருக்கிறது.

[காட்சி: கையில் மஞ்சள் மல்டிமீட்டர். பெடலில் செருகிய டிஆர்எஸ் கேபிளின் மறு நுனி மேசையில். இரண்டு ப்ரோபும் பிளக்கைத் தொடுகின்றன. இனி காட்சி மாறாமல் நிற்கட்டும்.]

மீட்டரை வைத்தே பெடலை முழுக்க அறிந்துகொள்ளலாம். கரோசல் ஆப்பில் பழைய பெடல் பார்த்து, கேஎல் சென்ட்ரலில் நின்றுகொண்டு கைமாற்றிக்கொள்ளும்போது, பெட்டியையும் ஆம்பையுமா தூக்கிக்கொண்டு போவீர்கள்? மீட்டர் போதும், இரண்டு நிமிட வேலை.

பெடல் வேறெதிலும் செருகாமல் இருக்கட்டும். மீட்டரை ஓம்ஸில் 20 கிலோ ரேஞ்சுக்குத் திருப்புங்கள். முதலில் ரிங்கையும் ஸ்லீவையும் தொட்டுக்கொண்டு பெடலை ஏற்றி இறக்குங்கள். அடுத்து டிப்பும் ஸ்லீவும். கடைசியில் டிப்பும் ரிங்கும். இந்த மூன்று ஜோடிகளில் ஒன்றில் மட்டும் எண் அசையாமல் நிற்கும். எந்த ஜோடி அசையவில்லையோ, அதில் இல்லாத மூன்றாவதுதான் நடுக்கால். ரிங்கும் ஸ்லீவும் அசையவில்லை என்றால் நடுக்கால் டிப்பில். அது ரோலண்ட் வகை. டிப்பும் ஸ்லீவும் அசையவில்லை என்றால் யமஹா வகை. மேலே பெயர் எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அசையாமல் நின்ற அந்த எண்தான் பெடலின் மொத்த ரெசிஸ்டன்ஸ். 10 கிலோ ஓம் அளவில் இருந்தால் பெரும்பாலான பெட்டிகளுக்குச் சரி. மீட்டர் அளக்க முடியாமல் இடது ஓரத்தில் வெறும் 1 காட்டினால் 200 கிலோ ரேஞ்சுக்கு மாற்றிப் பாருங்கள்.

அடுத்து நடுக்காலையும் ஸ்லீவையும் தொட்டுக்கொண்டு பெடலைச் சரியாகப் பாதியில் நிறுத்துங்கள். மொத்தம் 10 என்றால் இங்கே 5-க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒன்று, ஒன்றரை என்று வந்தால் அது ஆடியோ டேப்பர் பாட். வால்யூமுக்கு அது அருமை, எக்ஸ்பிரஷனுக்கு ஆகாது. பாதி தூரம் மிதித்தும் எஃபெக்ட் வராது, கடைசி இரண்டு சென்டிமீட்டரில் மொத்தமும் பாய்ந்து வரும்.

கடைசிச் சோதனைக்குப் பொறுமை வேண்டும். குதிகாலிலிருந்து விரல் நுனி வரை பத்து வினாடி எடுத்து மெதுவாக மிதியுங்கள். மீட்டர் வினாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும், அவசரப்பட்டால் குறை தெரியாது. எண் ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் எங்காவது துள்ளிக் குதித்தாலோ, ஒரு கணம் காணாமல் போனாலோ, அந்த இடத்தில் பாட்டின் கார்பன் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது. ரிவர்பில் இது தெரியாது. டிலே (எதிரொலி) நேரத்தையோ பிட்சையோ அந்தப் பெடலுக்குக் கொடுத்தால் காதைக் கீறும்.

குறுக்கே ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரக்காற்றில் பாட்டும் ஜாக்கும் சீக்கிரம் கறுக்கும். அழுக்கு என்றால் எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, பிறகு முப்பது முறை ஏற்றி இறக்கினால் போதும். சாதாரண துரு நீக்கும் எண்ணெயைப் பீச்சாதீர்கள், அது தங்கி தூசியைப் பிடிக்கும். தேய்மானம் என்றால் கிளீனர் உதவாது. புதுப் பாட் போட வேண்டியதுதான். கடையில் பி10கே என்று கேளுங்கள். பி என்பது லீனியர். கொஞ்ச வெள்ளிதான் ஆகும், ஆனால் தண்டின் நீளமும் பல்லும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். அதனால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள்.

[காட்சி: வால்யூம் பெடலும் ஒய் கேபிளும்.]

வீட்டில் இருக்கும் வால்யூம் பெடலையே எக்ஸ்பிரஷனாக ஓட்டலாமா? ஓட்டலாம். ஒரு பக்கம் ஸ்டீரியோ பிளக், மறு பக்கம் இரண்டு மோனோ பிளக் உள்ள இன்சர்ட் கேபிள் வேண்டும். ரோலண்ட் வகைப் பெட்டிக்கு, டிப்பிலிருந்து வரும் மோனோ பிளக்கை வால்யூம் பெடலின் அவுட்புட்டிலும், ரிங்கிலிருந்து வருவதை இன்புட்டிலும் செருகுங்கள். சிவப்பு, கறுப்பு நிறத்தை நம்பாமல் பீப் வைத்துப் பாருங்கள். ஆனால் 250 கிலோ ஓம் வால்யூம் பெடலை விட்டுவிடுங்கள். அவ்வளவு பெரிய ரெசிஸ்டன்ஸில் பல பெட்டிகளுக்கு எண் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கும். இரண்டு வேலையும் ஒரே பெடலில் வேண்டும் என்றால் பாஸ் எஃப்வி-500 வரிசையிலும் டன்லப் வால்யூம் எக்ஸிலும் எக்ஸ்பிரஷனுக்குப் பயன்படும் ஜாக் இருக்கிறது. ஒட்டுப்போடுவதைவிட அதுவே நிம்மதி.

[காட்சி: பெடல் மேல் ஒரு வெறுங்கால்.]

காலுக்கு வருவோம். பெடலைப் பாதியில் விட்டுக் காலை எடுங்கள். விட்ட இடத்திலேயே நிற்கிறதா? தானாக இறங்கினால் இறுக்கும் திருகு உண்டா என்று பாருங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள். மினி பெடல்கள் பலகையில் இடம் மிச்சம் செய்யும், ஆனால் அசையும் தூரம் குறைவு. ரிவர்பை ஏற்றி இறக்க அது போதும். வால்யூம் ஸ்வெல்லுக்கும் பிட்சுக்கும் நீளமான பெடல்தான் சொன்னபடி கேட்கும். டின்னர் மேடையில் சப்பாத்தோடு வாசிப்பீர்கள், கோயில் மேடையில் வெறுங்காலோடு. இரண்டையும் வைத்து மிதித்துப் பாருங்கள். மேல்தகட்டின் ஓரம் கூராக இருந்தால் அரை மணியில் பாதம் சொல்லிவிடும். 'வா-வா' (wah) எஃபெக்ட் வேண்டும் என்றால் விரல் பக்கம் அழுத்தினால் ஆன் ஆகும் டோ சுவிட்ச் உள்ளதாகத் தேடுங்கள்.

[காட்சி: பெட்டியின் மெனு திரை.]

பெட்டியை அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகி, பிறகு ஆன் செய்யுங்கள். பாஸ் ஜிடி-1 போன்ற பெட்டிகளில் எக்ஸ்ப் 2-உம் கால் சுவிட்சும் ஒரே ஜாக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. மெனுவில் அந்த ஜாக் எக்ஸ்பிரஷன் என்று இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் பெடல் வேலை செய்யாமல் போகலாம். அடுத்து, உங்கள் பெட்டியில் கேலிப்ரேஷன் இருந்தால் செய்யுங்கள்: குதிகாலை முழுக்க அழுத்திப் பதிவு, விரலை முழுக்க அழுத்திப் பதிவு. பெரும்பாலான பெடல்கள் பாட்டை முழுச் சுற்றும் சுற்றுவதில்லை. மீட்டரில் 1.2-இலிருந்து 8.7 வரைதான் வந்தது என்றால் அது குறையல்ல, கேலிப்ரேஷன் அதை 0-இலிருந்து 100 ஆக்கிவிடும்.

மினிமம், மேக்ஸிமம் இரண்டையும் அப்படியே 0, 100 என்று விட்டுவிடாதீர்கள். டிலே மிக்ஸ் என்றால் 0-இலிருந்து 40 போதும்; அதற்கு மேல் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மெட்டு மங்கிவிடும். வால்யூமை டிலேக்கு முன்னால் வையுங்கள். காலை எடுத்த பிறகும் எதிரொலி வாலாக நீளும், பிக் தட்டும் சத்தம் மறைந்து வயலின் வில் இழுத்த மாதிரி சுரம் எழும். பிட்சுக்கு ஆக்டேவ் கொடுக்காமல் இரண்டு அரைசுரம் மட்டும் கொடுத்துப் பாருங்கள். முழு நீளமும் இரண்டு அரைசுரத்துக்குப் பிரிந்துவிடுவதால் ரி-யிலிருந்து க-வுக்குக் காலாலேயே வழுக்கிப் போய், நடுவில் நின்று அசைத்துக் கமகம் கொடுக்க முடியும். ஆக்டேவில் வைத்தால் அதே அசைவு ஆறு மடங்கு பெரிதாகிச் சுருதி கலைந்துவிடும்.

எல்லாம் பிடித்தபடி அமைந்ததும் 'ரைட்' (Write) பொத்தானை அழுத்திப் பேட்சை, அதாவது இந்த அமைப்பை, சேமியுங்கள். சேமிக்காமல் அடுத்த பேட்சுக்குத் தாவினால், இவ்வளவு நேரம் வைத்த அளவுகள் அத்தனையும் அழிந்துவிடும்.