மேல்மலைப் பனியில் நாயோடு ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். கொடைக்கானல் மேல்மலையில் மார்கழியிலேயே அந்தத் துளைப்பு தொடங்கிவிடும். மன்னவனூர், பூண்டி, கவுஞ்சிப் பக்கம் விடியற்காலையில் பள்ளத்துப் புல்லெல்லாம் உப்பு தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். இந்த மாதங்களில்தான் நான் தனியாக மலையேற விரும்புகிறேன். தனியாக என்றால் ஆள் துணை இல்லாமல். எங்கள் செவலை கூடவே வரும். நல்ல சிவப்பு நிற நாட்டு நாய், ஒட்ட வெட்டியது போன்ற குட்டை முடி.

குளிர்காலக் காலையில் மேலே ஏற ஏறக் குளிர் கூடும் என்றுதான் நினைப்போம். பல நாட்கள் அது நேர்மாறாக இருக்கும். மேகமில்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும் இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனம் அதிகம். அது சரிவில் மெல்ல இறங்கி, பள்ளத்தில் போய்த் தேங்கி நிற்கும். ஓடைக்கரையில் உறைபனி, அதற்கு மேலே இருக்கும் மேட்டில் வெறும் ஈரம். இதைச் செவலையின் நடையிலேயே பார்க்கலாம். ஓடையைத் தாண்டும்போது வாலைச் சுருட்டிக்கொண்டு பாதத்தை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கும். பாதி மேடு ஏறியதும் முதுகு நிமிரும், வால் எழும்பும். அப்புறம் நான்தான் அதன் வேகத்துக்குப் போக வேண்டும்.

சோலைக்காடு ஏன் புல்வெளிக்குள் பரவாமல் ஒரு கோட்டோடு நின்றுவிடுகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இந்த உறைபனியும் ஒன்று. மரங்களின் நிழலுக்குள் சூடு தங்கும், கன்றுகள் பிழைக்கும். திறந்த புல்லில் விழுந்து முளைத்தால் பனி கருக்கிவிடும். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. புல்வெளிக்குள்ளேயே போய் அடர்ந்துவிட்டது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெயில் பட்டதும் செவலையின் மூக்குக்கு வேலை வந்துவிடும். குளிரில் அடங்கிக் கிடந்த வாசனைகள் தரை சூடாகச் சூடாக எழும்பும். ஒரு புல் குத்துக்குப் பக்கத்தில் நின்று, அடித்தண்டிலிருந்து நுனி வரை முகர்ந்து, மறுபடியும் அடிக்கே வரும். அங்கே குனிந்து பார்த்தால் ஈர மண்ணில் காட்டுமாட்டின் குளம்புத் தடம், விளிம்பு இன்னும் உடையாமல் இருக்கும். ராத்திரி போனதல்ல, சற்று முன்புதான் போயிருக்கிறது. சரி, அன்றைக்கு அந்தப் பாதை வேண்டாம் என்று திரும்பிவிடுவேன்.

நாயின் கயிற்றைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். மலைக்கு வந்துவிட்டோம், கொஞ்சம் ஓடட்டுமே என்று கழற்றி விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காட்டுமாட்டைக் கண்டு குரைக்கிற நாய், அது துரத்தினால் நேராக நம்மிடம்தான் ஓடி வரும். சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. இருட்டு பிரியும் முன்பும் அந்தி சாய்ந்த பின்பும் நடக்கவே கூடாது. நாயால் காட்டுக்கு வரும் ஆபத்து இன்னும் பெரியது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோது, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றின் உடலில் இருந்தது. பழனி மலையில் செந்நாய்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் அந்த நோய் தொற்றும், வெறிநோயும் தொற்றும். 2013இல் இங்கே வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் நாயைக் கூட்டிப் போகாதீர்கள். தடுப்பூசி போட்டு, ஊர்ப்பாதையிலும் வயல் வரப்பிலும் கயிற்றோடு நடங்கள்.

அந்த நடையில் குறை ஒன்றுமில்லை. பூம்பாறைப் படிவயல்களில் ஈர மண் வாசனையோடு பூண்டு வாசனையும் கலந்து வரும். ஓடைக் கற்களில் சாம்பல் வாலாட்டிக் குருவி வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். இமயமலைப் பக்கமிருந்து குளிர்காலத்துக்காக நம் மலைக்கு வரும் விருந்தாளி. செவலை நிற்கிற இடத்திலெல்லாம் நானும் நிற்பதால்தான் இதெல்லாம் என் கண்ணில் படுகிறது.

தனியாகப் போகிறவர்கள் எந்தப் பாதையில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மலை மடிப்புகளில் செல்போன் எடுக்காது. நாய்க்குத் தண்ணீர் நீங்களே கொண்டுபோங்கள், மருந்தடித்த வயலின் வாய்க்காலில் குடிக்க விடாதீர்கள். மழை நின்று புல் காய்ந்த பிறகு உண்ணி அதிகம். திரும்பியதும் காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். பாதத்தைத் துணியால் துடைத்து, வெயில் விழும் திண்ணையில் படுக்க விடுங்கள்.

நன்றி, வணக்கம்.