கடவுச்சொல் பிள்ளையிடமே இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, நான் வாய் திறப்பதற்கு முன்பே குறிப்பேட்டைத் திறந்துவிட்ட எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"கல்லூரி அனுமதி முடிவை முதலில் திறந்து பார்க்க வேண்டியவர் பெற்றோரா, பிள்ளையா?" பிள்ளைதான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி மூன்று வாதங்களை வைத்தார். பணம் கட்டுவது பெற்றோர், எனவே உரிமையும் அவர்களுக்கே. அனுபவம் உள்ளவர் பார்த்தால் தவறு நேராது. கெட்ட செய்தியாக இருந்தால் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். இந்த மூன்றில் கடைசி வாதத்தில்தான் உயிர் இருக்கிறது. மற்ற இரண்டையும் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. காத்திருக்கும் பெற்றோரைக் குறை சொல்ல நான் இந்த மேடைக்கு வரவில்லை. தேர்வை எழுதியது பிள்ளை. விண்ணப்பக் கட்டுரையோடு மல்லுக்கட்டியது பிள்ளை. அனுப்பு பொத்தானை அழுத்தியதோடு பெற்றோருக்கு வேலை எதுவும் மிச்சமில்லை. பதினேழு வருஷம் ஓடியாடிப் பார்த்தவர்களைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னால் அது லேசான காரியமா? நடு ராத்திரியில் விழிப்பு வந்தால் கை தானாகப் போனைத் தேடும். அதில் கண்ணில் படுகிற எண்களோ தூக்கத்தைக் கெடுப்பவை. 2024-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். அனுமதி கிடைத்தது 1,937 பேருக்கு. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. இதைப் படித்த தாய்க்கு மறுபடி எப்படிக் கண் மூடும்? அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. அதற்கு மருந்து, பிள்ளையின் கடவுச்சொல் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் வாதம், பணம். அமெரிக்காவில் 1974-ல் ஃபெர்பா என்ற சட்டம் வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்வரை கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு. பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டால், அல்லது எந்த வயதிலும் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், அந்த உரிமை பிள்ளைக்கு மாறிவிடுகிறது. வரிக் கணக்கில் பிள்ளையைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்டும் பெற்றோருக்குக் கல்லூரி விரும்பினால் தகவல் தரலாம். அது கல்லூரி காட்டும் சலுகை. உரிமை என்னவோ மாணவருக்குத்தான். பிரிட்டனில் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக விண்ணப்பித்தால், மாணவர் தன் சார்பில் பேசலாம் என்று பெயர் கொடுத்து வைத்தவரைத் தவிர வேறு யாரிடமும் விவரம் பேச மாட்டார்கள். ஆகஸ்டில் முடிவு வந்து, மீதியுள்ள இடங்களுக்கு மாணவர்கள் போன் போடும் நாட்களில், பல்கலைக்கழகங்கள் கேட்க விரும்புவது மாணவரின் சொந்தக் குரலை. அப்பா அழைத்தால், "பையனிடம் போனைக் கொடுங்கள்" என்பதுதான் பதில்.

"ஏர்லி டெசிஷன் முறையில் பெற்றோரும் கையெழுத்துப் போடுகிறார்களே" என்று எதிரணி நண்பர் மடக்கினார். நல்ல கேள்விதான். இடம் கிடைத்தால் உங்களிடமே சேருவேன், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவேன் என்ற உறுதி அது. மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர், மூவரும் கையெழுத்திடுகிறார்கள். ஏன்? செலவைத் தாங்க முடியுமா என்று விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்பதற்காக. பணத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரமும் அதுதான். உதவித்தொகைக் கடிதம் வந்த பிறகு கணக்குப் போட வேண்டியவர்களும் பெற்றோர்தான். அந்த உரிமையை எங்கள் அணி முழு மனதோடு கொடுத்துவிடுகிறது. முடிவைப் பிள்ளைக்கு முன்னால் பிரித்துப் பார்க்கும் உரிமை அந்தக் கையெழுத்தில் எங்கே இருக்கிறது?

இரண்டாவது, அனுபவம். 2009-ல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், இடம் மறுக்கப்பட்ட ஏறத்தாழ 28,000 பேருக்குத் தவறுதலாக வாழ்த்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. இதைச் சொல்லி, "பெரியவர்கள் பார்க்காவிட்டால் இப்படித்தான்" என்றார் சகோதரி. பெரியவர் பார்த்திருந்தால் என்ன கண்டுபிடித்திருப்பார்? அனுப்பியது பல்கலைக்கழகம், முகவரி சரி, செய்தி தெளிவு. எந்த அனுபவசாலிக்கும் அதில் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் வேறொன்று நடந்திருக்கும். பிள்ளைக்குத் தெரிவதற்கு முன் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் செய்தி பறந்திருக்கும். பிறகு ஒவ்வொருவரிடமும், "இல்லை, அது தவறாக வந்தது" என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியவர் யார்? அந்தப் பிள்ளை.

இப்போது மூன்றாவது வாதம். பக்குவமாகச் சொல்வது.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. மகளுடைய மின்னஞ்சல் அப்பாவின் போனிலும் திறந்திருந்தது. விண்ணப்பிக்கும்போது வசதிக்காகச் செய்த ஏற்பாடு. முடிவு வந்த மாலை, மகள் வெளியே போயிருந்தாள். அப்பா திறந்துவிட்டார். இடம் இல்லை. படிக்காத மின்னஞ்சல் தடித்த எழுத்தில் நிற்கும், படித்ததும் மெலிந்துவிடும் அல்லவா? அவர் அதை மறுபடி 'படிக்காதது' என்று மாற்றி வைத்தார், மகள் தானே முதலில் பார்ப்பதாக நினைக்கட்டும் என்று. அன்பில் செய்ததுதான். மகள் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றினாள். அப்பா வழக்கத்துக்கு மாறாக எழுந்து வந்து, "சாப்பிட்டியாம்மா?" என்றார். அவ்வளவுதான். அவள் அங்கேயே நின்று, "பார்த்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

நடுவர் அவர்களே, அந்தப் பெண் தன் முடிவைத் திரையில் படிக்கவில்லை. அப்பாவின் முகத்தில் படித்தாள். கல்லூரியின் கடிதத்தில் "இந்த ஆண்டு உங்களுக்கு இடமளிக்க இயலவில்லை" என்றுதான் இருந்தது. முகத்தில் அதைவிட அதிகம் இருந்தது: அவருடைய ஏமாற்றம், அவருடைய பரிதாபம், அவருடைய பயம். அத்தனையும் சேர்ந்து ஒரே நொடியில் அவள் தலையில் இறங்கியது. அன்று இரவு அவள் அழவில்லையாம். அழுதால் அப்பா உடைந்துபோவார் என்று அடக்கிக்கொண்டாளாம். பக்குவமாகச் சொல்வது என்று நாம் பெயர் வைத்திருக்கும் காரியம், கடைசியில் பிள்ளை நம்மைத் தேற்றுவதில் போய் முடிகிறது.

நல்ல செய்தி என்றாலும் இதே கதைதான். முதல் ஆள் பெற்றோர் என்றால் முதல் கூச்சலும் அவர்களுடையது. பிள்ளை தன் வெற்றியைப் பிறர் வாயால் கேட்கிறது. வருஷக்கணக்காக உழைத்தவனுக்குத் தன் பெயருக்குக் கீழே அந்த வரியைத் தன் கண்ணால் பார்க்கும் ஒரு நிமிடம் கிடைக்க வேண்டாமா? அதை எந்த அன்பின் பெயராலும் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் மனதார நம்புகிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். முடிவு என்று சொல்கிறோம், ஆனால் பல நேரம் அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது. காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறோம் என்று வந்தால், அந்தப் பட்டியலில் இருக்கச் சம்மதமா என்று பதில் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு மே 1-க்குள் சேரும் இடத்தை உறுதி செய்ய வேண்டும். பிரிட்டனில் வந்த வாய்ப்புகளில் ஒன்றை உறுதியான விருப்பமாகச் சொல்ல வேண்டும்; அது கைகூடாவிட்டால் சேர இன்னொன்றைக் காப்பு விருப்பமாகவும் வைக்கலாம். இந்தியாவில் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கான ஜோசா கலந்தாய்வில், கிடைத்த இடத்தை 'ஃப்ரீஸ்' செய்வதா, மேலான இடத்துக்காக 'ஃப்ளோட்' கொடுப்பதா, அதே கல்லூரியில் வேறு பாடத்துக்காக 'ஸ்லைடு' கொடுப்பதா என்று குறித்த கெடுவுக்குள் சொல்லியாக வேண்டும். இதையெல்லாம் யோசித்துச் சொல்ல வேண்டியவர், அந்த வகுப்பறையில் நான்கு வருஷம் உட்காரப் போகிறவர். முதல் அடியிலேயே அவரைத் தள்ளி நிறுத்திவிட்டு, இரண்டாவது அடியில் "நீயே முடிவு செய்" என்றால் எந்தத் தைரியத்தில் செய்வார்?

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். "மறுப்பைத் தனியாகப் பார்த்த பிள்ளை ஏதாவது செய்துகொண்டால்?" ஐயா, அந்தப் பயம் நியாயமானது. முடிவு வரும் நாளில் பெற்றோர் வீட்டில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கும் பிள்ளையைத் தனியே விடவே கூடாது. அப்படிப்பட்ட பிள்ளையோடு பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் கையால் திறக்க வையுங்கள். பக்கத்தில் இருப்பது வேறு, முந்திக்கொள்வது வேறு. நாம் முதலில் பார்த்துவிட்டால் அந்த ஆபத்து குறைந்துவிடுமா? எப்படியும் செய்தி பிள்ளையிடம் போய்ச் சேரத்தான் வேண்டும். ஒரு வாரம் முன்பே, சாதாரணமான ஒரு நாளில் கேட்டுவிடுங்கள்: "எப்போ பார்க்கப் போற? எங்களோட பார்க்கிறியா, தனியாப் பார்த்துட்டு வந்து சொல்றியா? இடம் இல்லேன்னு வந்தா அன்னிக்கு யார்கிட்ட பேசணும்னு தோணும்?" அந்தப் பேச்சு தரும் பாதுகாப்பை ஒரு கடவுச்சொல் தராது.

"என் மகன் என்னைத்தான் பார்க்கச் சொல்வான்" என்று அங்கே ஒரு தாய் தலையாட்டுகிறார். தாராளமாகப் பாருங்கள் அம்மா. அவன் கை நடுங்கி, "நீயே பாரும்மா" என்று கொடுத்தால், அது அவன் கொடுத்தது. எங்கள் அணி அதை எதிர்க்கவே இல்லை.

விண்ணப்பத்தில் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருந்தால், முடிந்தால் இன்றே பிள்ளையின் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். முடிவு நாளில் ஓ.டி.பி. அலுவலகத்தில் இருக்கும் அப்பாவின் போனுக்குப் போய், அவர் கூட்டத்தில் இருந்து, பிள்ளை அரை மணி நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வேண்டாம்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. நீங்கள் முதலில் பார்த்துவிட்டீர்கள், இடம் இல்லை என்று வந்திருக்கிறது. பிள்ளை வீட்டுக்கு வர இன்னும் ஒரு மணி நேரம். கதவு திறக்கும்போது உங்கள் முகத்தை எப்படி வைத்திருப்பீர்கள்? அதைச் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.