5 வோல்ட் பேச, 3.3 வோல்ட் கேட்க

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை ரிச்சி தெருவில் ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகையையும் மைக்ரோ எஸ்டி கார்டு செருகும் சிறு பலகையையும் வாங்கி வந்து, இரண்டையும் கம்பிகளால் நேராக இணைத்துவிட்டு, "வேலை செய்கிறது சார்" என்று மகிழ்ச்சியோடு காட்டும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். வேலை செய்வது உண்மைதான். ஆனால் ஊனோவின் பின்களில், அதாவது இணைப்பு முனைகளில், 5 வோல்ட் வருகிறது, கார்டோ 2.7 முதல் 3.6 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்துக்கென்று செய்யப்பட்டது.

அப்படியொரு மாணவியின் பலகையில் மீட்டரை வைத்தபோது, 3.3 வோல்ட் இருக்க வேண்டிய சப்ளை தடத்தில் 3.9 வோல்ட் காட்டியது. சிக்னல் பின்னில் நுழைந்த கூடுதல் மின்னழுத்தம், சில்லுக்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாகச் சப்ளைக்குள் ஏறியிருந்தது. 3.3 வோல்ட்டை நிலையாகத் தரும் ரெகுலேட்டரால் மின்சாரத்தைக் கொடுக்கத்தான் முடியும், திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

அந்த மாணவி மறுநாளே கையிலிருந்த 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைக் கொண்டு மின்னழுத்தத்தைப் பிரித்தார். மீட்டரில் 3.33 வோல்ட், கணக்கு சரி. ஆயினும் கார்டு தொடக்கக் கட்டளைகளுக்கு மட்டும் பதில் தந்து, கோப்பைப் படிக்கும்போது தடுமாறியது. தொடக்கக் கட்டளைகள் 400 கிலோஹெர்ட்ஸுக்குள் மெதுவாகப் போகின்றன. பிறகு ஊனோ கார்டோடு பேசும் எஸ்பிஐ தடம் 8 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும்போது அரைச் சுற்றுக்குக் கிடைப்பது 62.5 நானோ விநாடிதான். அந்த இரண்டு ரெசிஸ்டர்களும் சேர்ந்து ஏறத்தாழ 6.7 கிலோ ஓம் தடையாக நிற்க, பின்னிலும் கம்பியிலும் 20 பிக்கோ ஃபாரட் மின்தேக்கம் இருந்தாலே நேர மாறிலி, அதாவது சிக்னல் ஏற எடுக்கும் காலத்தின் அளவுகோல், 130 நானோ விநாடியைத் தாண்டிவிடுகிறது. சிக்னல் உச்சிக்கு ஏறுவதற்குள் இறங்கச் சொல்கிறோம். அதே விகிதத்தில் 1 கிலோ, 2 கிலோ ஓம் போட்டால் இது சுமார் 13 நானோ விநாடியாகச் சுருங்கும். மீட்டர் நிலையான மின்னழுத்தத்தைத்தான் காட்டும், சிக்னல் ஏறும் வேகத்தைக் காட்டாது என்பதால், இந்த இடத்தில் சிக்னலின் வடிவத்தை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் இல்லாமல் முடிவெடுக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் மன்றாடியே சொல்வேன்.

கார்டிலிருந்து ஊனோவுக்கு வரும் எதிர்த்திசையில் கவலை குறைவு. 5 வோல்ட்டில் ஓடும் ஊனோவின் சில்லு 3 வோல்ட்டுக்கு மேல் வந்தாலே அதை 'ஒன்று' என்று ஏற்கும். கார்டு தரும் 3.3 வோல்ட் அதற்குப் போதும், இடைவெளி 0.3 வோல்ட்தான் என்றாலும்.

சென்சார் போன்றவற்றை இரண்டே சிக்னல் கம்பிகளில் இணைக்கும் ஐ2சி தடத்தில் இந்த ரெசிஸ்டர் வழி உதவாது, ஏனெனில் ஒரே கம்பியை இரு பக்கத்தாரும் பூஜ்ய வோல்ட்டை நோக்கி இழுப்பார்கள். அங்கே பிஎஸ்எஸ்138 போன்ற ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் கேட்டை 3.3 வோல்ட்டில் கட்டி, சோர்ஸை அதே 3.3 வோல்ட் பக்கத்திலும் டிரெயினை 5 வோல்ட் பக்கத்திலும் இணைத்து, இரு பக்கமும் கம்பியை மேலே இழுத்து வைக்கும் தனித்தனி புல்-அப் ரெசிஸ்டர் வைப்பது நன்கு பழகிய முறை.

அந்த மாணவியின் பலகையில் இறுதியாக 3.3 வோல்ட்டில் இயங்கும் 74எல்விசி125 பஃபரை, அதாவது சிக்னலை வாங்கி மறுபடி தரும் சில்லை, வைத்தோம். அதன் உள்ளீடுகள் 5 வோல்ட்டைத் தாங்கும். சப்ளை தடம் 3.3 வோல்ட்டுக்குத் திரும்பியது, கார்டும் முழு வேகத்தில் படித்தது.