காய்ச்சலோடு போனால் வயலையும் சொல்லுங்கள்

அன்பான நேயர்களே, வணக்கம்.

காலபோக விதைப்பு நெருங்குகிறது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களின் கீழுள்ள வயல்களில் சேற்றில் இறங்கப் போகிறவர்களுக்கும் அவர்களின் வீட்டாருக்கும்தான் இந்தப் பேச்சு.

எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் மட்டுமல்ல, மாடு, எருமையின் சிறுநீரிலும் இருக்கும். வயல் நீரில் கலந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியே உடலுக்குள் போகும். காய்ச்சல் தொடங்கப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரமாகும். அதற்குள் வயல் வேலை மறந்துபோகும். வைத்தியரும் கேட்காவிட்டால் நோயாளி பனடோலோடு வீடு திரும்புவார். கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் என்று முற்றினால் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகலாம். நேரத்தோடு மருந்து கொடுத்தால் காப்பாற்றக்கூடிய உயிர் அது. இப்படியொரு சாவை விதியென்று ஏற்க என்னால் முடியவில்லை.

வைத்தியசாலைகளில் 544 என்ற இலக்கமுள்ள அறிவித்தல் படிவம் இருக்கிறது. எலிக்காய்ச்சல், டெங்கு, நெருப்புக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தாலே அதை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்ப வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 1897ஆம் ஆண்டிலிருந்து இதற்குச் சட்டம் உண்டு. தனியார் வைத்தியர்களும் அதற்கு உட்பட்டவர்களே. படிவம் போனால்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருவார். எந்த வயல், கூட வேலை செய்தவர் யார் என்று கேட்பார். ஒரே வாய்க்காலின் கீழ் மூவருக்குக் காய்ச்சல் என்பது அப்போதுதான் வெளிப்படும். அவர் குற்றம் பிடிக்க வரவில்லை; மறைக்காமல் சொல்லுங்கள்.

2024 டிசம்பரில், பெருமழைக்குப் பின், யாழ் குடாநாட்டில் காய்ச்சலால் அடுத்தடுத்துச் சிலர் இறந்தார்கள். என்ன நோயென்று தெரியாமல் ஊர் கலங்கியது, பரிசோதித்தபோது எலிக்காய்ச்சல். 2008இல் நாடு முழுவதும் 7,000க்கு மேற்பட்டோர் இதே நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. அந்த ஆண்டில் வன்னி போருக்குள் கிடந்தது. எத்தனை காய்ச்சல்கள் எந்தப் படிவத்திலும் ஏறாமல் போயிருக்கும் என்று நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

மலேரியாவை வென்றதிலும் இத்தகைய கண்காணிப்புக்குப் பெரும் பங்குண்டு. காய்ச்சல்காரரின் இரத்தத்தைச் சோதித்து, நோயாளிகளைத் தேடிப் பிடித்தார்கள்; 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. ஆனால் அவ்வாண்டு இறுதியில் மன்னாரில், கிணறுகளில் பெருகும் புதிய மலேரியா நுளம்பு பிடிபட்டது. வெளியிலிருந்து யாராவது மலேரியாவோடு வந்தால் அந்த நுளம்பு அதை மறுபடியும் பரப்பக்கூடும். ஆகவே வெளிநாட்டிலிருந்து திரும்பியபின் காய்ச்சல் கண்டால் பயணத்தையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்ளின் மாத்திரையைச் சுகாதாரப் பணிமனையில் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். வாரம் ஒருமுறை எடுப்பது. கர்ப்பிணிகளும் சிறுவர்களும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. வயலில் இறங்க ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும் என்பதால், உழவு இயந்திரத்துக்குச் சொல்லிவைக்கும் அன்றே பணிமனைக்கும் போய்வாருங்கள்.

வணக்கம்.