வலி போச்சு, சாவு போகல

[கறுப்புத் திரை. கடிகார முள் ஓடுற சத்தம்.]

ஒருத்தரோட காலை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? லண்டன்ல ராபர்ட் லிஸ்டன்னு ஒரு சர்ஜன். அவருக்கு அரை நிமிஷம் போதும்.

வித்தை காட்டுறதுக்கு இல்லைங்க அந்த வேகம். மயக்க மருந்து வராத காலம், நோயாளி முழிச்சிட்டு இருப்பாரு, அதனால. சுத்தி நாலு பேர் அமுக்கிப் பிடிச்சுக்குவாங்க. வழியிற ரத்தத்துக்கு மேஜைக்கு அடியில மரத்தூள் பெட்டி. மேலே கண்ணாடிக் கூரையில இருந்து வர்ற பகல் வெளிச்சம். படிப்படியா நின்னு மாணவர்கள் வேடிக்கை பார்ப்பாங்க. "தியேட்டருக்குள்ள கொண்டு போயிட்டாங்க"ன்னு இன்னைக்கும் நம்ம ஆஸ்பத்திரியில சொல்றோமே, அந்தப் பேரு இங்கேருந்து வந்ததுதான்.

[திரையில்: 1846 டிசம்பர் 21]

அன்னைக்கு லிஸ்டன் நோயாளிக்கு ஈதர்ங்கிற மயக்க மருந்தை மோந்து பார்க்கக் கொடுத்துட்டு காலை எடுத்தாரு. எல்லாம் முடிஞ்சப்புறம் அந்த ஆளு, "எப்போ ஆரம்பிப்பீங்க?"ன்னு கேட்டாராம்! அடுத்த வருஷமே எடின்பரோவுல சிம்ப்சன்னு ஒரு டாக்டர் குளோரோஃபார்ம்ங்கிற இன்னொரு மயக்க மருந்தைக் கொண்டு வந்தாரு. 1853-ல விக்டோரியா மகாராணியே அதை வாங்கிக்கிட்டுதான் எட்டாவது குழந்தையைப் பெத்தாங்க.

அப்போ கஷ்டம் தீர்ந்துச்சா? அதான் இல்ல. நோயாளி அசையாம கிடக்கிறாரு, இனி அவசரம் எதுக்கு? சர்ஜனுங்க இன்னும் ஆழமா, இன்னும் நேரம் எடுத்து வெட்ட ஆரம்பிச்சாங்க. கைய மட்டும் கழுவல. பழைய ரத்தம் காய்ஞ்சு விறைச்சுப்போன கோட்டைத்தான் மாட்டிக்குவாங்க. அந்தக் கறை அனுபவத்துக்கு அடையாளமாம். ஒருத்தர் புண்ணைத் துடைச்ச ஸ்பாஞ்சே அடுத்தவருக்கும். புண்ணுல சீழ் வந்தா ஆறுதுன்னு அர்த்தம், அழுகினா கெட்ட காத்து காரணம். முட்டாள்தனம்னு சிரிக்காதீங்க. கிருமிதான் காரணம்னு யாரும் அவங்களுக்குக் காட்டினதில்ல.

ஸ்காட்லாந்துல இருக்கிற கிளாஸ்கோவுல ஜோசஃப் லிஸ்டர்னு இன்னொரு சர்ஜன். அவரோட வார்டுக் கணக்கைப் பாருங்க. 1864-66-ல கை கால் எடுத்தது 35 பேருக்கு. செத்தது 16.

லிஸ்டர், லூயி பாஸ்டர்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானியோட கட்டுரைகளைப் படிக்கிறாரு. பால் புளிக்கிறதுக்கு நுண்ணுயிர் காரணம்னா, புண் அழுகுறதுக்கும் அதுவா இருக்கலாமே? கார்லைல் ஊர்ல சாக்கடை நாத்தத்துக்கு கார்பாலிக் அமிலம் ஊத்துறாங்கன்னு கேள்விப்படுறாரு. பழைய சிவப்பு சோப்போட வாசனை ஞாபகம் இருக்கா? அதே சரக்குதான்.

[திரையில்: 1865 ஆகஸ்ட், கிளாஸ்கோ]

வண்டிச் சக்கரம் காலில ஏறின 11 வயசுப் பையன். எலும்பு முறிஞ்சு தோலும் கிழிஞ்சிருக்கு. அந்தக் காலத்துல இப்படி வந்தா பெரும்பாலும் காலை எடுத்துடுவாங்க. லிஸ்டர் எடுக்கல. கார்பாலிக்ல நனைச்ச துணியை வச்சுக் கட்டினாரு. நாலு நாள் கழிச்சுப் பிரிச்சாரு. சீழ் இல்ல. ஆறு வாரத்துல எலும்பு கூடிடுச்சு.

1867-69-ல, கார்பாலிக் வச்சுக் கட்ட ஆரம்பிச்சப்புறம், கை கால் எடுத்த 40 பேர்ல செத்தது 6.

இவ்வளவு இருந்தும் லண்டன்ல நிறைய பேர் நம்பல. கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்னு கிண்டல் பண்ணாங்க. வைத்தியமும் சுலபமா இல்ல. அமிலம் பட்டு டாக்டருங்க கைத்தோல் வெந்துடும். அதுக்கும் மேல, காத்துல இருக்கிற கிருமியைக் கொல்லணும்னு தியேட்டர் பூரா அதையே புகை மாதிரி அடிச்சாரு லிஸ்டர். மேஜையில கிடக்கிறவர்ல இருந்து கத்தி பிடிக்கிறவர் வரைக்கும் எல்லாரும் அதைத்தான் சுவாசிக்கணும்.

1890-ல, பெர்லின் மாநாட்டுல, அந்த ஸ்ப்ரேயை சிபாரிசு பண்ணினதுக்கு வெட்கப்படுறேன்னு அவரே சொன்னாரு.